ஒரு தடவை போட்ட துணி, துவைக்கவும் வேண்டாம்: எங்கே வைப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: அரை நாள் மட்டும் போட்ட சட்டை, இரண்டாம் தடவை போட்ட ஜீன்ஸ், மாலையில் ஒரு மணி நேரம் மேலே போட்டுக்கொண்ட ஸ்வெட்டர். எதுவும் அழுக்கில்லை, ஆனால் துவைத்த துணி என்றும் சொல்ல முடியாது. பீரோவில் வைத்தால் சுத்தமான துணியோடு கலக்கிறது, அழுக்குக் கூடையில் போட்டால் வீணாகத் துவைக்க வேண்டியிருக்கிறது, கடைசியில் எல்லாம் நாற்காலியில் மலையாகக் குவிகிறது. மற்ற வீடுகளில் இதற்கு என்னதான் வழி வைத்திருக்கிறார்கள்?

பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நேராகச் சாமானுக்குப் போய்விடுகிறார்கள். கொக்கி வாங்கு, ஸ்டாண்ட் வாங்கு, இன்னொரு கூடை வாங்கு. வாங்கலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் துணி எங்கே இருக்கிறது என்பதைவிட, முதலில் அது காய்ந்ததா, அப்புறம் அங்கே எத்தனை துணிக்கு இடம் இருக்கிறது, இந்த இரண்டும்தான் முக்கியம். இரண்டும் சரியாக இருந்தால் சுவரில் அடித்த ஒரு ஆணிகூடப் போதும். இல்லையென்றால் எவ்வளவு அழகான ஸ்டாண்ட் வாங்கினாலும் பத்தே நாளில் அதுவும் ஒரு நாற்காலிதான், உட்கார முடியாத நாற்காலி.

காய்வதில் இருந்து தொடங்குகிறேன். உடம்பில் இருந்து கழற்றிய துணி தொட்டால் உலர்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் அக்குள், காலர், இடுப்புப் பட்டி, முழங்காலின் பின்பக்கம் எல்லாவற்றிலும் உடம்புச் சூட்டோடு கொஞ்சம் ஈரமும் ஏறியிருக்கும். புதிதாக வந்த வியர்வைக்கு நாற்றம் அநேகமாகக் கிடையாது. தோலில் எப்போதும் குடியிருக்கும் கோரினிபாக்டீரியம், ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் அதை, குறிப்பாக அக்குளில் சுரக்கும் வியர்வையை, உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அந்த வேலைக்கு அவற்றுக்கு ஈரம் வேண்டும். சூடு ஆறாத சட்டையை மடித்து வைத்தாலோ, சுருட்டிப் போட்டு அதன்மேல் இன்னொன்றைப் போட்டாலோ, அந்த ஈரத்தைப் பொத்திவைத்து நாமே அவற்றுக்குக் கொடுக்கிறோம். அதே சட்டையை விரித்துத் தொங்கவிட்டு மின்விசிறியும் ஓடினால் சீக்கிரமே காய்ந்துவிடும், மறுநாள் தாராளமாகப் போடலாம்.

அதனால் போட்ட துணிக்கு முதல் இரவு காற்றாடும் இடத்தில்தான். பீரோவுக்குள் தனித் தட்டு ஒதுக்கி வைத்திருப்பவர்களும் ஒரு ராத்திரி வெளியே தொங்கவிட்ட பிறகு உள்ளே வைக்கட்டும். தொங்கவிடும்போது சட்டையின் உள்பக்கத்தை வெளியே திருப்பிவிடுங்கள். ஈரம் இருப்பது உள்பக்கம்தான், அது காற்றைப் பார்க்க வேண்டும். ஜன்னலோரம் வெயில் படுகிற இடமாக இருந்தால் இப்படித் திருப்புவதில் இன்னொரு லாபம், வெளுப்பது உள்பக்கமாக இருக்கும், வெளிச்சாயம் தப்பிக்கும். பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். சாவிக்கொத்தோடு ராத்திரி முழுக்கத் தொங்கிய பேண்டின் பாக்கெட் நாளடைவில் தொய்ந்து வாய் பிளந்துவிடும்.

இடத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. குளியலறைக் கதவின் பின்னால் கொக்கி அடிப்பது நிறைய வீட்டில் இருக்கிறது. குளிக்கப் போகும்போது கழற்றுகிறோம், அங்கேயே மாட்டிவிடுகிறோம், வசதிதான். ஆனால் அடுத்தவர் வெந்நீரில் குளித்து எழும்பும் ஆவி முழுவதும் அந்தத் துணிக்குத்தான். காற்றில் ஈரப்பதம் 70, 80 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நீடித்தால் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும், குளியலறை அந்த அளவைச் சுலபமாகத் தொடும். இன்னொன்று அறைக்கதவின் பின்பக்கம். கதவு சாத்தியிருக்கும் நேரம் அதிகம் என்றால் பரவாயில்லை. நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிற கதவு என்றால் துணி கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கி நிற்கும், காற்று எங்கிருந்து வரும்?

எந்தத் துணி இரண்டாம் தடவைக்குத் தாங்கும் என்பது நூலைப் பொறுத்தது. துணித் தொழிலில் அளவுகோலாக வைத்திருக்கும் 65 சதவீத ஈரப்பதத்தில், பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும், கம்பளி 16 சதவீதம் வரை வாங்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. பாலியெஸ்டர் சீக்கிரம் காய்கிறதே, அப்படியானால் அதுதானே நல்லது என்று தோன்றும். விஷயம் வேறு. ஈரத்தை உள்ளே விடாத அந்த நூல் உடம்பின் எண்ணெய்ப் பசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, நாற்றமும் அதோடு ஒட்டிக்கொள்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில் 26 பேரை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்கள் போட்டிருந்த சட்டைகளை ஒரு நாள் கழித்து வேறொரு குழுவிடம் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். பாலியெஸ்டர் சட்டைகள் பருத்தியைவிட மோசமாக நாறின, மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியெஸ்டரில் நன்றாக வளர்ந்திருந்தது. உடற்பயிற்சிக்குப் போட்ட செயற்கை இழைச் சட்டையை "நாளைக்கும் போட்டுக்கலாம்" என்று மாட்டி வைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அது அழுக்குக்கும் சுத்தத்துக்கும் நடுவில் நிற்கும் நடுத்துணியே இல்லை, நேராகக் கூடைக்கு. கம்பளி இதற்கு நேர்எதிர், ஒரு ராத்திரி காற்றாட விட்டால் பழையபடி ஆகிவிடும், பல தடவை போடலாம்.

இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது, இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. காலையில் சட்டையை எடுத்து முகர்ந்தால் ஒன்றும் இருக்காது. போட்டுக்கொண்டு வெளியே போய் அரை மணி நேரத்தில், புதிதாக வியர்ப்பதற்கு முன்பே, அக்குளில் பழைய நாற்றம் எழும்பும். காய்ந்த துணியில் அடங்கிக் கிடந்தது உடம்புச் சூடும் ஈரமும் பட்டதும் கிளம்பிவிடுகிறது. இதை முன்கூட்டியே பிடிக்க எளிய வழி: சட்டையின் அக்குள் பகுதியை உள்ளங்கையில் பிடித்து, கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே, அந்த மாதிரி வாயைத் திறந்து "ஹா" என்று சூடாக இரண்டு தடவை ஊதிவிட்டு உடனே முகர்ந்து பாருங்கள். வெளியே போய்த் தெரியப்போவது வீட்டிலேயே தெரிந்துவிடும். கழற்றிய கையோடு முகர்வது பிரயோஜனமில்லை. நாள் முழுக்க அந்த வாசனையிலேயே இருந்த மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிட்டிருக்கும். மறுநாள் காலை முகருங்கள், அல்லது வீட்டில் இன்னொருவரிடம் நீட்டுங்கள், அவர்கள் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரியும்.

சரி, நாற்காலிக்கு வருவோம். எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள், நான் கொஞ்சம் பரிந்து பேசுகிறேன். நாற்காலியின் முதுகில் ஒரே ஒரு சட்டையை விரித்துப் போட்டால் அது ஒரு ராத்திரி காய்வதற்கு மிக நல்ல இடம். முன்னும் பின்னும் காற்று, தோள் அகலத்துக்குத் தாங்கல், கட்டிலுக்குப் பக்கத்தில். பிரச்சினை ஆரம்பிப்பது இரண்டாவது துணி அதன்மேல் விழும்போது. கீழே இருக்கிற துணிக்குக் காற்று நின்றுபோகிறது. மூன்றாவது உட்காரும் பகுதிக்கு இறங்கியதும் எது எப்போது போட்டது என்ற கணக்கும் போய்விடுகிறது. அதற்கப்புறம் மேலே இருக்கிற இரண்டைத்தான் மாற்றி மாற்றிப் போடுவோம், அடியில் இருப்பது வாரக்கணக்கில் மடிந்து கிடக்கும். ஆக நாற்காலியை வைத்துக்கொள்ளலாம், முதுகு மட்டும், ஒரு நபருக்கு ஒரு துணி, ஒரு ராத்திரி.

எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நடுத்துணிக்கான இடத்தைப் பெரிதாக வைத்தால் அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நிரம்பும், ஏனென்றால் துவைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சோம்பலாக இருக்கும்போதெல்லாம் அங்கேதான் வீசுவோம். வேண்டுமென்றே சின்னதாக வையுங்கள். ஒரு ஆளுக்கு மூன்று கொக்கி போதும், நாலு அதிகபட்சம். நாலும் நிரம்பி ஐந்தாவது கையில் இருந்தால் ஏற்கெனவே தொங்குவதில் ஒன்று கூடைக்குப் போயாக வேண்டும், அந்த இடத்திலேயே, அப்போதே. அதோடு, துவைக்கிற நாளில் கொக்கியில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு தடவை பாருங்கள். அடுத்த ஓரிரு நாளில் போடப்போவது இருக்கட்டும், மற்றதெல்லாம் மெஷினுக்கு. "நல்லாத்தானே இருக்கு, இன்னும் ஒரு தடவை போடலாமே" என்று தோன்றுகிற துணியை இரண்டு வாரமாக நீங்கள் தொடவே இல்லையென்றால் இனியும் தொடப்போவதில்லை.

வெள்ளைச் சட்டைக்கு இந்த நாள் கணக்கு இன்னும் கண்டிப்பு. காலரில் படியும் எண்ணெய்ப் பசை அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது, காற்றுப் பட்டு நாளாக ஆக மஞ்சளாகிறது, அப்படி ஆனபின் சாதாரணத் துவைப்புக்கு அசையாது. வியர்வை வராமல் தடுக்கும் அக்குள் பூச்சுகளில் இருக்கும் அலுமினியம் உப்பும் வியர்வையோடு சேர்ந்து அக்குளில் அந்தப் பழுப்பு மஞ்சள் கறையை உண்டாக்கும். வெள்ளைச் சட்டையை மறுநாளே திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் துவைத்துவிடுங்கள், தொங்கவிட்டு யோசிக்காதீர்கள். அதை அப்படியே இஸ்திரி போட்டு "புதுசாக்கும்" பழக்கமும் வேண்டாம், சூடு பட்டால் கறை இன்னும் ஆழமாகப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் துணியைவிடத் தகராறுதான் பெரிய பிரச்சினை. ஒருவர் ஆசையாக ஒரே ஒரு தடவை போட்டு மாட்டிய கம்பளி ஸ்வெட்டரை, துவைக்கிறவர் அழுக்கு என்று நினைத்து வெந்நீரில் போட்டு எடுக்க, அது குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கி வெளியே வரும். இதற்குப் பேச்சுவார்த்தையெல்லாம் வேலைக்கு ஆகாது, இடமே பேச வேண்டும். கொக்கியில் இருப்பதை யாரும் தொடக்கூடாது, கூடையில் இருப்பதைக் கேட்காமல் துவைக்கலாம். தரையில், கட்டிலில், நாற்காலியின் உட்காரும் பகுதியில் கிடப்பதெல்லாம் கூடையில் இருப்பதாகவே அர்த்தம். இதை ஒரு தடவை எல்லோரும் ஒத்துக்கொண்டால் "இது அழுக்கா?" என்ற கேள்வி வீட்டில் நின்றுவிடும். கொக்கிகளையும் ஆளுக்கு இத்தனை என்று பிரித்துவிட வேண்டும், பொதுக் கொக்கி என்று ஒன்று இருந்தால் அது யாருடைய பொறுப்பும் இல்லாத கொக்கி. சின்னக் குழந்தைகளுக்கு இந்த ஏற்பாடே தேவையில்லை, அவர்கள் துணியில் நடுநிலை என்று ஒன்று கிடையாது.

பீரோவுக்குள்ளேயே தொங்கவிடுகிறவர்களுக்கு ஹேங்கரைத் திருப்பி மாட்டும் வழி நன்றாக வேலை செய்கிறது. துவைத்த துணியின் ஹேங்கர் கொக்கிகள் எல்லாம் சுவரைப் பார்த்து, போட்ட துணியினுடையது மட்டும் நம்மைப் பார்த்து. திறந்தவுடன் தெரிந்துவிடும். எத்தனை தடவை போட்டோம் என்று ஞாபகம் வைக்க முடியாதவர்கள் ஹேங்கரில் ஒரு துணி கிளிப்பைச் செருகி வைக்கலாம், ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தோன்றுகிறது, மூக்கு போதும்.

எல்லாத் துணியும் கொக்கிக்கு ஆகாது. பின்னல் துணி, அதாவது ஸ்வெட்டர் வகை, கொக்கியில் தொங்கினால் கழுத்துப் பக்கம் ஒரு கூம்பு கிளம்பும், மெல்லிய கம்பி ஹேங்கரில் போட்டால் இரண்டு தோளிலும் சின்னக் கொம்பு முளைக்கும். அதை ஒரு கம்பியின்மேல் பாதியாக மடித்துப் போட்டு ஆற விட்டு, அப்புறம் மடித்துத் தட்டில் வையுங்கள். கோட்டுக்குத் தோள் அகலமான ஹேங்கர் வேண்டும், கழற்றியதும் ஒரு பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுத்துத் தூசியைத் தட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மடிப்புக்கோடு உள்ள பேண்டைத் தலைகீழாக, கால் விளிம்பைக் கிளிப்பில் பிடித்துத் தொங்கவிடுங்கள், இடுப்புப் பக்கத்தின் கனமே முழங்கால் சுருக்கத்தை ராத்திரியில் இழுத்துவிடும். ஜீன்ஸுக்கு எதுவும் வேண்டாம், பெல்ட் வளையத்தைக் கொக்கியில் மாட்டினால் போதும்.

ஜீன்ஸ் என்றதும், துவைக்க வேண்டாம், ஃப்ரீசரில் வைத்தாலே கிருமி செத்துவிடும் என்ற கதை வந்துவிடும். லீவைஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த சிப் பெர்க் 2014-ல் ஒரு மேடையில், தான் போட்டிருக்கும் ஜீன்ஸ் இன்னும் வாஷிங் மெஷினைப் பார்த்ததில்லை என்று சொன்னது உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்பே, 2011-ல், கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒரே ஜீன்ஸை 15 மாதம் துவைக்காமல் போட்டு, அதில் இருந்த பாக்டீரியாவை எண்ணிப் பார்த்தார்கள். பிறகு அதையே துவைத்து 13 நாள் போட்டபின் எண்ணியபோது கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரு ஆள், ஒரு ஜீன்ஸ், அவ்வளவுதான் அந்தச் சோதனை, ஆனாலும் ஜீன்ஸை ஒவ்வொரு தடவையும் துவைக்க அவசரமில்லை என்ற வரையில் அது சரியாகவே இருக்கிறது. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது மட்டும் தவறு. மைனஸ் 18 டிகிரியில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் உறங்கிப்போகும், உடம்புச் சூடு பட்டால் எழுந்துகொள்ளும். அழுக்கும் எண்ணெயும் எங்கேயும் போவதில்லை. ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் பேண்ட் வைப்பதைவிட வெளியே தொங்கவிடுவது நல்லது.

வாசனை ஸ்பிரேக்களைப் பற்றியும் கேட்பார்கள். சிலவற்றில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் இருக்கிறது, அது நாற்ற மூலக்கூறுகளைத் தனக்குள் பிடித்துவைத்து மூக்குக்கு எட்டாமல் செய்யும். அதனால் வெறும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் அழுக்கை அது எடுப்பதில்லை, போதாததற்குத் துணியை ஈரமாக்குகிறது. அடித்தால் மறுபடி காய விட வேண்டும், அடித்த கையோடு பீரோவில் வைக்கக் கூடாது. நாடக மேடை உடைகளைப் பராமரிப்பவர்கள் வோட்காவைத் தண்ணீரில் கலந்து அடிப்பது பழைய வழக்கம், தினமும் துவைக்க முடியாத உடைக்கு அது சரி. வீட்டில் பட்டிலும் சாயம் போகும் துணியிலும் அடித்துப் பார்க்காதீர்கள், சாயம் கலங்கலாம்.

அப்புறம் பூச்சி. அந்துப்பூச்சியில் துணியைத் தின்பது பறக்கும் பூச்சி இல்லை, அதன் புழு. கம்பளி, பட்டு, ரோமம் போன்ற உயிரினப் புரத இழைகள்தான் அதற்கு இரை. அதிலும் வியர்வையும் கறையும் பட்ட இடத்தைத் தேடிப் போகும். தினமும் எடுத்துப் போடுகிற துணிக்கு இந்தப் பயம் இல்லை, அசைகிற, வெளிச்சம் படுகிற இடத்தில் அது குடியேறாது. ஆபத்து எங்கே என்றால் குளிர் முடிந்ததும் "ரெண்டே தடவைதான் போட்டேன்" என்று ஸ்வெட்டரைத் துவைக்காமல் அப்படியே பெட்டியில் அடுக்கும்போது. மாதக்கணக்கில் உள்ளே போகிற எதுவும் நடுத்துணி இல்லை, எத்தனை தடவை போட்டிருந்தாலும் துவைத்து, நன்றாகக் காயவைத்துத்தான் உள்ளே. இதற்குப் பதிலாகக் கொக்கிப் பக்கத்தில் அந்துருண்டை தொங்கவிடுகிறவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நாப்தலீன் மூடிய பெட்டிக்கானது, திறந்த அறையில் அந்த ஆவியை நாம்தான் சுவாசிக்கிறோம். ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும்.

பயணத்தில் மட்டும் காற்றாட விடும் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் 2017-ல் செய்த சோதனையில், துவைத்த துணி இருந்த பையைவிடப் போட்ட துணி இருந்த பையில் மூட்டைப்பூச்சிகள் இரண்டு மடங்கு சேர்ந்தன. மனித வாசனை அந்தத் துணியில் இருப்பதால் ஆளே படுத்திருப்பதாக நினைத்து வருகின்றன. அதனால் தங்கும் அறையில் போட்ட துணியைத் தரையிலோ கட்டில் ஓரத்திலோ விடாமல், கொஞ்சம் ஆறியதும் வாய் கட்டிய பையில் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அது கொக்கிக்குப் போகாமல் நேராகத் துவைக்கப் போகட்டும்.

உள்ளாடை, சாக்ஸ், மழையில் நனைந்தது, சிகரெட் புகை ஏறியது, நோயாளியைப் பார்த்துக்கொண்டபோது போட்டிருந்தது, இவற்றுக்கு இரண்டாம் தடவை என்ற பேச்சே இல்லை. மகரந்தத் தூள் ஒவ்வாமை உள்ளவர்கள் வெளியே போட்டுப் போனதைப் படுக்கையறையில் தொங்கவிட வேண்டாம், வாசல் பக்கம் ஒரு கொக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எதை வாங்குவது. இரும்பு ஆணி, பூச்சு உரிந்த மலிவுக் கொக்கி இரண்டும் ஈரத் துணியில் துருக்கறை விடும், அதனால் முனை உருண்டையான மரக் கொக்கி அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பார்த்து வாங்குங்கள். கொக்கிக்கும் கொக்கிக்கும் ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும், நெருக்கமாக எட்டுக் கொக்கி உள்ள பலகை வாங்கினால் எட்டும் சேர்ந்து ஒரே குவியல்தான். வாடகை வீட்டில் சுவரில் துளை போட முடியாது என்றால், சாய்த்து வைக்கும் ஏணி மாதிரி ஸ்டாண்ட் நல்லது, ஒரு படிக்கு ஒன்று என்று விரித்துப் போடலாம். கூடைதான் வேண்டும் என்பவர்கள் பிரம்போ வலையோ எடுங்கள், மூடி வேண்டாம், அதில் ஜீன்ஸும் வீட்டில் போடும் துணியும் மட்டும், அதுவும் ஆறிய பிறகு. எதை வாங்கினாலும் நீங்கள் நிஜமாகவே உடை மாற்றுகிற இடத்தில் இருந்து கை எட்டும் தூரத்தில் வையுங்கள். அடுத்த அறையில் வைத்தால் துணி அங்கே போகாது, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி இருக்கிற வரையில் போகவே போகாது.